எனக்கு வராத டெங்கு

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததில்லை. கிட்னியில் கல் இருந்ததில்லை. மூலம் என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அப்படியிருந்தும் திருகோணமலைத் துறைமுகத்தில் என்னைக் கண்டால் இந்த மூன்றில் ஒன்றைப் பற்றி அக்கறையோடு விசாரிக்காமல் விடமாட்டார்கள். சுங்கத்தில் இருப்பவர்கள் கல்லைப் பற்றிக் கேட்பார்கள். இறங்குதுறையில் நிற்பவர்கள், பக்கத்தில் பெண்கள் இல்லையா என்று பார்த்துவிட்டு, மூலத்தைப் பற்றிக் கேட்பார்கள். டெங்குவைப் பற்றிப் போனில் கேட்கிறவர்கள் கொழும்பில், எங்கள் தலைமைக் கந்தோரில் இருக்கிறார்கள். எல்லாமே என்மேல் உள்ள அன்பினால் எனக்கு வந்த வருத்தங்கள்; நோயை நாங்கள் வருத்தம் என்றுதான் சொல்வோம்.

நான் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன். ஓர்ஸ் ஹில்லில், உட்துறைமுகம் தெரிகிற பழைய வீடொன்றின் கீழ்த்தளம்தான் கந்தோர். கோதுமை, சீமெந்து, தார் என்று ஏதாவது ஏற்றிக்கொண்டு கப்பல் வரும். வந்த கப்பலுக்கு இந்த ஊரில் வேண்டியதையெல்லாம் செய்துகொடுப்பது எங்கள் வேலை. காகித அலுவல், குடிதண்ணீர், மரக்கறி, மாலுமி ஒருவனுக்குப் பல்வலி என்றால் பல் டொக்டர். கப்பல் நங்கூரம் போட்டதும் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய், அதன் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கப்டனை முதலில் சந்திக்கிற ஆள் நான். போர்டிங் கிளார்க் என்பார்கள். கந்தோரில் என்னைத் தவிர மனேஜர், காகிதங்களைப் பார்க்கும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு பிள்ளை, லோஞ்ச் ஓட்டும் கிண்ணியாக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம். அவ்வளவுதான் எங்கள் சாம்ராச்சியம்.

கப்பல் தொழிலில் ஒரே ஒரு கட்டளை உண்டு. கப்பல் காத்திருக்கக் கூடாது. மனிதர் காத்திருக்கலாம், மனைவி காத்திருக்கலாம், சாப்பாடு ஆறிப்போகலாம், கப்பல் மட்டும் காத்திருக்கக் கூடாது. இந்தக் கட்டளையைக் காப்பாற்றுவதற்காகக் கப்டன்மார் எந்த நேரமும் அழைப்பதற்கென்று கம்பனி ஒரு போன் வைத்திருந்தது. அந்தப் போன் போர்டிங் கிளார்க்கிடம்தான் இருக்கும். ஏன் என்று எவரும் கேட்டதில்லை, எனக்கு முன்னால் இருந்தவரிடமும் அது இருந்தது. என்னிடம் தந்த அன்று எனக்குப் பெரிய பெருமை. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். அவள் ஆசிரியை, பொருளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். இது வீட்டுக்குள் இன்னொரு ஆளைக் கூட்டிவந்தது மாதிரித்தான் என்றாள். நான் சிரித்தேன்.

அவள் சொன்னது சரிதான். அந்த ஆள் எங்களோடு சாப்பிட்டான், எங்களோடு படுத்தான், குளிக்கப் போகும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குழாயில் தொங்கினான். மாதா கோயிலில் பூசை நேரம் சட்டைப்பைக்குள் கிடந்து துடித்தான். கப்டன்மாருக்கு உலகத்தின் எல்லா நேரமும் ஒரே நேரம்தான். வெங்காயம் சின்னதா பெரிதா என்று கேட்பார்கள். மழை வருமா என்று கேட்பார்கள், நான் வானிலை நிலையம் மாதிரி. என் மாமனாரின் சவப்பெட்டியைத் தோளில் வைத்து நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கப்டன் போனில் லீக்ஸ் என்ற மரக்கறி கேட்டார். தோளை மாற்றாமலே லீக்ஸுக்கு ஏற்பாடு செய்தேன். அதைக் கந்தோரில் மிகப் பெருமையாகச் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன்.

பிறகு அடிக்காத போன் அடிப்பது கேட்கத் தொடங்கியது. மின்விசிறிச் சத்தத்துக்குள்ளே கேட்டது, குசினியில் சீனிச்சம்பல் வதங்குகிற சத்தத்துக்குள்ளே கேட்டது. நித்திரை போயிற்று. நித்திரை போனதும் பசி போயிற்று. பசி போனதும் கோபம் வந்து குடியேறியது. மனைவி கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் கத்துவேன்.

ஒரு காலை, தார் ஏற்றிவந்த கப்பல் ஒன்றின் கீழே லோஞ்ச் போய் நின்றது. கடல் பேசாமல் கிடந்தது, காற்றுக்கூட இல்லை. ஏணியை இரண்டு கையாலும் பிடித்தேன். சட்டைப்பைக்குள் போன் அடித்தது. ஏறவும் முடியவில்லை, போனை எடுக்கவும் முடியவில்லை, பிடித்த கையை விடவும் முடியவில்லை. மேலே மாலுமிகள் குனிந்து பார்த்தார்கள். போன் நின்று மறுபடியும் அடித்தது. காக்கா பின்னால் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக ஏணியிலிருந்து கழற்றி என்னை இருத்தினார். இருந்ததும் அழுதேன். எதற்காக என்று கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஏறின ஏணி, என்னை வேண்டாம் என்று சொன்னது போல இருந்தது.

காக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. ரேடியோவை எடுத்து, எஞ்சினில் கோளாறு, திரும்பப் போய் வருகிறோம் என்று கப்பலுக்குச் சொன்னார். அந்த எஞ்சினைத் தன் பிள்ளைகளிலும் பார்க்கக் கவனமாக வைத்திருப்பவர். அதன்மேல் பழி போட்டது அவருக்குச் சின்ன விஷயம் அல்ல. எனக்காகச் சொல்லப்பட்ட முதல் பொய் அதுதான்.

கந்தோரில் மனேஜர் கதவைச் சாத்தினார், பிறகு யன்னலையும் சாத்தினார்.

"ஹார்ட்டோ?"

"இல்லை சேர்."

"பிரஷரோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்ன ஐசே?"

"அழுகை வருது சேர்."

மனேஜர் நல்ல மனிதர். புயலில் கப்பல் அலைந்தாலும் பதறமாட்டார். ஆனால் இதற்கு அவரிடம் மருந்து இல்லை. கண்ணைத் துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தார். தன்னுடைய தேத்தண்ணியைத் தந்தார். தங்கள் சபைப் போதகரின் இலக்கத்தைத் தந்தார், நான் கத்தோலிக்கன் என்பது ஞாபகம் வந்து திருப்பி வாங்கினார். கடைசியில், "போனை இஞ்ச தாரும். வீட்டை போய் நல்லா ரெஸ்ட் எடும். ஒண்டுக்கும் யோசியாதேயும்" என்றார். போனைக் கொடுத்தேன். யோசிப்பதை எப்படிக் கொடுப்பதென்று தெரியவில்லை.

எனக்கு இருந்தது ஒரே பயம். ஏணியில் ஏற முடியாத போர்டிங் கிளார்க்கை எந்தக் கம்பனி வைத்திருக்கும்? அதிலும், இன்னாருக்கு மனம் குழம்பிவிட்டது என்று துறைமுகத்தில் ஒரு தரம் கதை போனால் பிறகு அவன் செத்தாலும் அந்தக் கதை சாகாது. அவன் சொல்கிற சரியான கணக்கையும் இன்னொருவர் சரிபார்ப்பார். வேலை போனால் வேறு வேலை தேடலாம், பெயர் போனால் எங்கே போய்த் தேடுவது? என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கும் இதே பயம்தான். அதனால் ஆளாளுக்கு எனக்கு மரியாதையான வருத்தம் ஒன்றைத் தேடத் தொடங்கினார்கள்.

நான் இதை அறிந்தது கந்தோர்க்காரர் மூவரும் என்னைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளுத்த உடுப்பு, வாடகை வான் ஒன்று, ஒரு பை அப்பிள், ஒரு பை திராட்சை, பால்மா டின் ஒன்று. மனேஜர் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். தங்கச்சி சேலை உடுத்திருந்தாள். காக்கா செவ்விளநீர்க் குலையைத் தோளில் வைத்திருந்தார். வாசல் படலையைத் திறந்தது நான். மூவரும் அப்படியே நின்றார்கள். கட்டிலில் கிடக்க வேண்டியவன் படலை திறந்தால் பார்க்க வந்தவர்கள் என்ன செய்வார்கள்?

உள்ளே வந்து கதிரைகளில் இருந்தார்கள். ஒருவருக்கும் கதை வரவில்லை. காய்ச்சல் என்றால் எத்தனை பாகை என்று கேட்கலாம். ஒப்பரேஷன் என்றால் தையலைப் பற்றிக் கேட்கலாம். இதற்கு எதைக் கேட்பது? தங்கச்சி திராட்சைப் பையை மடியிலேயே வைத்திருந்தாள், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துத்தான் பழக்கம். மனேஜர் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஒருக்காப் போய்ப் படுமன். நாங்கள் பார்த்திட்டுப் போறம்."

நான் எழுந்து போய்க் கட்டிலில் படுத்தேன். மனைவி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மூவரும் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எல்லாருடைய முகத்திலும் நிம்மதி வந்தது. மனேஜர் என் நெற்றியைத் தொட்டார். திராட்சை மேசைக்கு வந்தது. இப்போது கதை தடையில்லாமல் ஓடியது.

கொழும்புக்கு டெங்கு என்று சொல்லியிருப்பதாக மனேஜர் சொன்னார். "டெங்கு எண்டால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம், லீவும் நீட்டலாம்." தங்கச்சி திடுக்கிட்டாள். அவள் சுங்கத்துக்குக் கிட்னியில் கல் என்று சொல்லிவிட்டாள். "அண்ணை அழுததைக் கப்பல்ல மேல நிண்ட ஆக்கள் கண்டிருக்கினம், கல்லு நோவுக்கு ஆம்பிளையளும் அழுவினம்தானே" என்றாள். நியாயமான பிள்ளை. எல்லாரும் காக்காவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏன் லோஞ்சில இரிக்க ஏலாமப் போச்செண்டு எறங்குதுறையில கேட்டானுகள். நான் மூலமெண்டு செல்லிட்டன்."

போர்வைக்குள் கிடந்து நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது உண்மை. அவர்கள் போன பிறகு எழும்ப மனமில்லாமல் அங்கேயே கிடந்ததும் உண்மை. இவ்வளவு அன்பானவர்களாலேயே என் வருத்தத்தின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அது எவ்வளவு கேவலமான வருத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மனைவிக்கு நினைப்பதில் நம்பிக்கை இல்லை, செய்வதில்தான். என்னை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருவரும் அடையாளம் காணக் கூடாது என்று நான் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். வெளியே நீள வாங்கில் காத்திருந்த அத்தனை பேரிலும் என்னை மட்டும்தான் எல்லாரும் பார்த்தார்கள். டொக்டர் இளம் பெண். நான் சொன்னதை இடையில் வெட்டாமல் கேட்டார். நெடுங்காலக் களைப்பு, நித்திரையின்மை, அதிலிருந்து வந்த நோய் என்றார். நோயின் பெயர் சொன்னார், மருந்து தந்தார், கிழமைக்கொரு தரம் வந்து கதைக்கச் சொன்னார். சுகம் வரும், வேலைக்கும் போகலாம், ஆனால் அதே வேலையை அதே மாதிரிச் செய்யக் கூடாது என்றார்.

"கந்தோரில சொல்லுங்கோ."

"சொன்னா வேலை போயிடும் டொக்டர்."

"சொல்லாட்டி?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

நித்திரை திரும்பி வரத் தொடங்கியதும் கந்தோருக்குப் போனேன். அங்கே மனேஜர் எனக்காக மாநாடே நடத்தியிருக்கிறார். ஊழியரின் மனநலத்துக்கு முதலாளிமார் என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடி, கிடைத்ததையெல்லாம் செய்துவைத்திருந்தார். செடிகள் நல்லது என்று எங்கோ எழுதியிருந்ததாம், யன்னல் தட்டெல்லாம் தண்ணீர்ப் போத்தல்களில் மணி பிளான்ட். மெல்லிய இசை நல்லதாம், காலையிலிருந்து ஒரு வயலின் அழுதுகொண்டிருந்தது. மீன் பார்த்தால் மனம் ஆறுமாம், அலுமாரிக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. வெளியே யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம் முழுவதும் மீன். நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக்குள் நான்கு பொன்மீன்களைப் பார்த்து அமைதி அடைந்தோம். தேத்தண்ணி நேரத்தில் மனேஜர் எல்லாரையும் நிற்கவைத்து மூச்சை இழுக்கச் சொல்வார், விடச் சொல்ல மறந்துவிடுவார்.

இதெல்லாவற்றையும் தாங்கலாம். தாங்க முடியாதது, எனக்கு வேலை இல்லை. என் மேசையில் ஒரு காகிதம் இல்லை. நான் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்கள். என் முன்னால் கப்பல் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று மனேஜரின் உத்தரவு. தங்கச்சி தொலைபேசியில், "ஓம் ஓம், அது வந்திட்டுது... அதுதான், பெரிசு... அதுக்குத் தண்ணி வேணுமாம்" என்று கதைப்பாள். கேட்பவர்கள் நாங்கள் யானை வளர்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். காலையில் போய் மீனைப் பார்த்து, மத்தியானம் சோறு தின்று, பின்னேரம் மீனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். அன்புதான், ஆனால் அந்த அன்பு என்னைக் கதிரையோடு சேர்த்துக் கட்டிவைத்தது. இப்படியே ஒருநாள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் முன்னிலும் பெரிதாயிற்று.

அந்த நேரத்தில்தான் டெங்கு திரும்பி வந்தது. எங்கள் கந்தோரில் ஒருவருக்கு டெங்கு என்பதைக் கொழும்புக்காரர் மிகவும் பொறுப்பாக எடுத்து, சுகாதாரப் பகுதிக்கு அறிவித்திருக்கிறார்கள். பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வந்து இறங்கினார். கூரைப் பீலியைப் பார்த்தார், கக்கூசுத் தொட்டியைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வெளியே போகத் திரும்பியவர் யன்னல் தட்டைப் பார்த்தார். மனேஜர் என் மன அமைதிக்காக வைத்த போத்தல்கள் அத்தனையிலும் நுளம்புப் புழு நெளிந்துகொண்டிருந்தது. மனேஜரின் முகம் வாடிப் போயிற்று. எச்சரிக்கையோடு தப்பினார், ஆனால் கட்டடத்துக்குப் புகை அடிக்க வேண்டும் என்று கட்டளை.

அடுத்த நாள் புகை அடிக்கிறவர்கள் வந்தார்கள். நாங்கள் எல்லாரும் வீதிக்கு ஓடிவந்து மதிலோரம் நின்றோம். யன்னல்களால் வெள்ளைப் புகை வந்தது. மனேஜர் மீன்தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார், தண்ணீர் அவருடைய காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. ஒரு மனிதன் களைத்துப்போனதற்காக ஓர்ஸ் ஹில் நுளம்பெல்லாம் செத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது போன் அடித்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது காக்காவின் சட்டைப்பையிலிருந்து வந்தது. என்னிடமிருந்து வாங்கிய போனை மனேஜர் அவரிடம் கொடுத்திருக்கிறார். கடலில் நிற்கிற மனுஷனுக்கு டென்ஷன் வராது என்பது மனேஜரின் எண்ணம். காக்கா போனை எடுக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வாய் ஓயாமல் கதைக்கிற மனிதர் சில நாளாகத் தேத்தண்ணி நேரத்தில் வாயே திறப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்த முகத்தை நான் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த நல்ல கோபம். காக்காவின் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து மனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சேர், புகை அடிக்கிறதெண்டால் இதுக்கு அடியுங்கோ!"

"நீர் டென்ஷன் ஆகாதேயும்."

"ஆவன் சேர். என்னை வீட்டுக்கு அனுப்பினீங்கள், மீன் வாங்கினீங்கள், எல்லாம் சரி. இந்தச் சாமானை மட்டும் இன்னொரு மனுஷன்ட பையுக்குள்ள போட்டீங்கள். நாளைக்குக் காக்கா படுத்தால் ஆரிட்டக் குடுப்பீங்கள், தங்கச்சியிட்டயோ?"

தங்கச்சி ஒரு அடி பின்னால் போனாள். மனேஜர் என்னையும் போனையும் பார்த்தார். கையில் மீன்தொட்டி இருந்ததால் அவரால் வாங்கவும் முடியவில்லை. "சட்டைப்பையுக்குள்ள வையும்" என்றார் மெதுவாக. அவருடைய பைக்குள் வைத்தேன்.

சில நாள் அவரே வைத்திருந்தார். ஒருநாள் காலை சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு, கண் சிவந்து வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார்.

"இதை எப்பிடி ஐசே இவ்வளவு காலம் வச்சிருந்தனீர்? நான் முழங்காலில நிண்டு ஜெபம் பண்ணுறன், ஒரு கப்டன் முட்டை வெள்ளையோ சிவப்போ எண்டு கேட்கிறான்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஆமென் எண்டு சொல்லிப்போட்டன்."

அன்றைக்கே கொழும்புக்குப் போன் எடுத்தார். ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் அம்மணியிடம், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் கேட்கக் கேட்கச் சொன்னார். எனக்கு வந்தது டெங்கு அல்ல, மன அழுத்தம், டொக்டரிடம் போகிறேன், பொய் சொன்னது மனேஜர்தான், அதைவிட, அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எங்கள் போன். பிறகு அம்மணி என்னோடு கதைக்க வேண்டும் என்றார். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் தொலைபேசியை வாங்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான். திரும்பவும் கப்பலில் ஏற எனக்கு விருப்பமா?

ஓம் என்றேன். போன் இல்லாமல் என்றேன்.

பொழுது பட்டால் அந்தப் போனுக்கு வருகிற அழைப்பெல்லாம் கொழும்புக்குப் போகும், அங்கே ஆள் மாறி மாறி இருந்து பார்ப்பார்கள் என்று முடிவாயிற்று. பகலில் அது கந்தோர் மேசையில் கிடக்கும், நாங்கள் நால்வரில் உள்ளே இருப்பவர் எடுக்க வேண்டும், மனேஜர் உட்பட. வெங்காயம் மறுநாள் காலைவரை பொறுக்கும் என்பதைக் கப்டன்மார் ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் விளங்கிக்கொண்டார்கள்.

இதற்காக மனேஜருக்கு நன்றி சொல்லப் போனேன். சொன்னேன். மனதில் கிடந்த மற்றதையும் சொன்னேன்.

"சேர், கொழும்புக்குச் சொல்ல முன்னம் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"உண்மையைத்தானே சொன்னனான்?"

"உண்மைதான். என்ரை உண்மை. பொய்யையும் கேளாமச் சொன்னீங்கள், உண்மையையும் கேளாமச் சொன்னீங்கள்."

மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டு, திரும்பக் கழற்றித் துடைத்தார். "அந்த இணையத்துக்காரர் இதை எழுதேல்லையே" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே குறைப்பட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

மறுபடியும் ஏணியில் ஏறின நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயந்தேன். நடுவில் நின்று மூச்சு வாங்கினேன், விடவும் மறக்கவில்லை. மேலே போனதும் கப்டன் தேத்தண்ணி தந்தார், அது கேவலமான தேத்தண்ணி, முழுவதும் குடித்தேன். இறங்கி வந்து லோஞ்சில் இருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. காக்கா பார்க்காதது போலக் கயிற்றைச் சுருட்டினார்.

கரைக்கு வரும் வழியில் அவர் எஞ்சினை மெதுவாக்கினார். கரையும் தூரம், கப்பலும் தூரம். கண்ணைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்தக் கிளினிக் எந்தக் கிழமை?"

"செவ்வாய். ஆருக்குக் காக்கா?"

"எண்ட கூட்டாளி ஒருத்தன். போன் கீன் ஒண்டும் இப்ப இல்ல. எண்டாலும் நித்திரை வருகுதில்லையாம். கடல்ல நிக்கக்குள்ள நெஞ்சு படபடக்குதாம். வீட்டுல செல்லவும் வெக்கமாம்."

நான் அவருடைய கையைப் பார்த்தேன். சுக்கானை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கூட்டாளியின் பெயரைக் கேட்கவில்லை.

"செவ்வாய் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ காக்கா. நானும் அங்கதான் இருப்பன். தொப்பி கிப்பி போடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துவைத்தேன். காக்கா தனியாக வந்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை, கையில் கிளினிக் இலக்கத் துண்டு.

"கூட்டாளி எங்க?"

"அவன் வரல்ல. அவனுக்குப் பதிலா நான் வந்திட்டன்." இருந்தார். சிரிக்க முயன்றார், பாதியில் விட்டுவிட்டார்.

அன்றைக்குக் கப்பல் ஒன்று நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. "லோஞ்சுக்கு ஆர்?" என்றேன்.

"ஒருத்தரும் இல்ல. நான் திரும்பிப் போய்த்தான் ஓட்டணும். அதுவரைக்கும் கப்பல் நிக்கட்டும் எண்டு மனேஜர் செல்லிட்டாரு. ஏனெண்டு கப்டன் கேட்டிருக்கான்."

"என்ன சொன்னவராம்?"

காக்கா துண்டைக் கைக்குள் மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தார்.

"உடனே செல்லல்ல. கப்டனை லைன்ல நிக்கச் செல்லிப்போட்டு எனக்குப் போன் எடுத்தாரு. 'காக்கா, கப்பலுக்கு என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லுறதைத்தான் சொல்லுவன்' எண்டு கேட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடியிருந்த டொக்டரின் கதவைப் பார்த்தார்.

"மனசு சரியில்லை, டொக்டரிட்டக் காட்டப் போயிருக்காரெண்டு செல்லுங்க எண்டன்."